உத்தியோகம் என்றால் என்ன? – சைக்கிள் கடையில் தொடங்கிய லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கரின் வாழ்க்கை

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் என் பிள்ளைப் பிராயம் கழிந்தது. கோடை முற்றி வாய்க்காலில் தண்ணீர் வற்றினால், வயல் வரப்பில் ஓர் ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்குவார்கள். தோல் பட்டை மாட்டிய பம்பு, பக்கத்தில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம், டப் டப் என்று ஊர் முழுவதும் கேட்கும் சத்தம். பம்பு தண்ணீரை இழுக்க வேண்டுமானால் முதலில் குழாயில் நாம் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அந்த வேலையை எங்களைப் போன்ற பையன்களிடம் விடுவார்கள். குடம் குடமாக ஊற்றும்போது, இரும்பில் வார்த்திருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். கிர்லோஸ்கர் என்று வந்தது. அது ஏதோ ஜெர்மன் கம்பெனியின் பெயர் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன்.

கல்லூரியில் பௌதிகம் படித்து, அரசு உத்தியோகத்தில் சேர்ந்து, பல ஊர்களுக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் அது ஒரு மராட்டிய பிராமணக் குடும்பத்தின் பெயர் என்று தெரிந்தது. வேதாந்தம் கற்ற தகப்பனாரின் பிள்ளை அவர். சித்திரம் கற்கப் போனவர், வாத்தியாராக இருந்தவர், அதன் பிறகு சைக்கிள் விற்றவர். அந்தக் கடையிலிருந்து கிளைத்ததுதான் எங்கள் ஊர் வயலில் நின்ற எஞ்சின். லக்ஷ்மணராவ் காசிநாத் கிர்லோஸ்கர் காலமாகி 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம் பத்திரிகையைப் படிக்கும் இளைஞர்களுக்கும், அவர்களைக் காட்டிலும் முக்கியமாக அவர்களைப் பெற்றவர்களுக்கும், அவருடைய சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

லக்ஷ்மணராவ் 1869-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி பெல்காம் ஜில்லாவில் உள்ள குர்லஹொசூர் என்ற கிராமத்தில் பிறந்தார். அன்று அது பம்பாய் ராஜதானியைச் சேர்ந்தது; இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. தகப்பனார் காசிநாத பந்த், வேதாந்தத்தில் தோய்ந்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை சாஸ்திரம் படிப்பான், இல்லாவிட்டால் இங்கிலீஷ் படித்துக் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேருவான். இந்தப் பிள்ளைக்கோ இரண்டிலும் நாட்டமில்லை. படம் வரைவதிலும், எதையாவது கழற்றி மாட்டுவதிலுமே மனம் சென்றது.

தமையனார் ராமண்ணா பணம் கொடுத்து உதவ, 1885-ல் பம்பாயில் ஜே.ஜே. சித்திரக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழிந்த பிறகு ஓர் இடி விழுந்தது. சில நிறங்களை அவர் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை என்று தெரியவந்தது. ஓவியனாக வேண்டும் என்று வந்தவனுக்கு நிறக்குருடு என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? வேறொருவராக இருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். லக்ஷ்மணராவ் யோசித்தார். வர்ணம் தீட்டத்தானே நிறம் வேண்டும்? எந்திரப் படம் வரையக் கறுப்புக் கோடு போதுமே. அதில் கருத்தைச் செலுத்தித் தேர்ந்தார். அந்நாளில் பம்பாயில் புதிதாக ஏற்பட்டிருந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரியில் எந்திரப் படம் வரையக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் வேலை கிடைத்தது.

படம் சொல்லிக்கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. கல்லூரியின் பட்டறையில் எந்திரங்களைத் தொட்டுப் பார்த்துப் பழகினார். பாடநேரம் போக மிச்ச நேரத்தில் பழுது பார்க்கும் வேலைகளுக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வரும் தொழில்நுட்பப் பத்திரிகைகளை விடாமல் படித்தார். அவர் பொறியியல் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். அவர் படித்ததெல்லாம் கையாலும் கண்ணாலும்தான்.

சைக்கிள் என்னும் புதுமை

பம்பாயில் ஒருநாள் ஒருவர் இரண்டு சக்கர வண்டியில் ஏறிப் போவதை லக்ஷ்மணராவ் கண்டார். அந்தக் காட்சி அவரைப் பிடித்துக்கொண்டது.

இன்று சைக்கிளில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அன்றைய நிலைமை வேறு. 1870-களில் சீமையில் ஓடிய சைக்கிளின் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும். பின் சக்கரம் முறம் அளவுதான். பெடல் முன் சக்கரத்திலேயே பொருத்தியிருந்ததால், கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுதான் சுற்றும். வேகமாகப் போக வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. சக்கரம் பெரிதாகப் பெரிதாக, விழுந்தால் மண்டை உடையும். 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சிறிய சக்கரங்கள், நடுவில் பெடல், அங்கிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு செயின். முன்னால் பெரிய பல்சக்கரமும் பின்னால் சிறியதும் வைத்தால், கால் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். கணக்கு எளிதுதான், ஆனால் அது வரும்வரை ஒருவருக்கும் அதைச் சரியான வண்டியாகச் செய்து விற்கத் தோன்றவில்லை. ரோவர் என்ற பெயரில் வந்த அந்த வண்டிதான் இன்றைய எல்லாச் சைக்கிள்களுக்கும் மூதாதை. போலந்து நாட்டு மொழியில் சைக்கிளுக்கு இன்றும் ரோவர் என்றே பெயர். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சவாரி சுகமானது.

அதே 1888-ல்தான் கிர்லோஸ்கர் சகோதரர்களின் சைக்கிள் வியாபாரம் பெல்காமில் தொடங்கியது. உலகமே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த ஒரு பொருளை, ஒரு ஜில்லாத் தலைநகரில் விற்கத் துணிந்தார்கள். தம்பி பம்பாயில் சைக்கிளை வாங்கி அனுப்புவார்; அண்ணா பெல்காமில் விற்பார். ஒரு வண்டியின் விலை 700 முதல் 1000 ரூபாய் வரை. சாதாரண உத்தியோகஸ்தர் பல வருஷம் சம்பளத்தைச் சேர்த்தாலும் எட்டாத தொகை அது. ஆகவே வாங்கியவர்கள் பெரிய அதிகாரிகளும் செல்வந்தர்களும்தான். வாங்கியவருக்கு ஓட்டத் தெரியாதே! அதற்கும் ஒரு வழி செய்தார்கள். சைக்கிள் விடக் கற்றுக்கொடுக்கத் தனியே 15 ரூபாய். அவர்கள் கடை வைத்திருந்த வீதியை பெல்காம்காரர்கள் இன்றும் கிர்லோஸ்கர் ரோடு என்றே சொல்கிறார்கள்.

ஒரு சைக்கிளைக் கழற்றிப் பார்த்தவருக்கு எந்திரவியலின் பாதி தெரிந்துவிடும் என்று நான் சொல்வதுண்டு. உராய்வைக் குறைக்க பால் பேரிங், பலத்தைக் கடத்தச் செயின், எடை குறைந்தும் உறுதியான குழாய்ச் சட்டம், இழுவிசையிலேயே நிற்கும் ஸ்போக் கம்பிகள் என்று எல்லாப் பாடமும் கைக்கு அடக்கமாக அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1892-ல் சைக்கிள் கடை வைத்துத்தான் 1903-ல் ஆகாய விமானம் விட்டார்கள். லக்ஷ்மணராவுக்கும் சைக்கிள்தான் பள்ளிக்கூடம். சீமை எந்திரம் என்றாலும் அதைத் திறந்து பார்க்கலாம், புரிந்துகொள்ளலாம், நம் கையால் சரிசெய்யலாம் என்ற தைரியத்தை அவருக்கு அந்தக் கடைதான் தந்திருக்க வேண்டும்.

கிடைக்காத பதவி உயர்வு

பம்பாயில் லக்ஷ்மணராவ் நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்திருந்தார். மேல் பதவி ஒன்று காலியாயிற்று. நியாயப்படி அவருக்கு வர வேண்டியது. ஆனால் ஓர் ஆங்கிலோ இந்தியருக்கு அதைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் இது புதிதல்ல. மனு எழுதிப் போடலாம். மனம் கசந்து மூலையில் உட்காரலாம். அடுத்த முறை கிடைக்கும் என்று காத்திருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள். லக்ஷ்மணராவ் ராஜினாமா செய்துவிட்டு பெல்காமுக்கு வண்டி ஏறினார்.

இந்த இடத்தில் என் கதையையும் இரண்டு வரி சொல்ல அனுமதிக்க வேண்டும். எனக்கும் ஒருமுறை இதே போல் நேர்ந்தது. ஜூனியர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். நான் மனு எழுதினேன். பதில் வரப் பல மாதங்கள் ஆயின. அதிலும் விசேஷம் ஒன்றுமில்லை. வேலையை விடும் எண்ணம் எனக்கு ஒரு நாள்கூட வரவில்லை. பென்ஷனை நினைத்தேன், குழந்தைகளின் படிப்பை நினைத்தேன். அது தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சரித்திரத்தைப் படிக்கும்போது இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சைக்கிளிலிருந்து கலப்பைக்கு

பெல்காமுக்குத் திரும்பியவருக்குச் சைக்கிள் வியாபாரம் நெடுநாள் கைகொடுக்கவில்லை. பம்பாயின் பெரிய கம்பெனிகள் அந்தத் தொழிலில் இறங்கிவிட்டன. அவர்களோடு விலையில் போட்டி போடச் சிறிய கடையால் முடியாது. அப்போது சகோதரர்கள் யோசித்தார்கள். சைக்கிள் வாங்குபவர் ஊரில் நூற்றில் ஒருவர்கூட இல்லை, மற்றவரெல்லாம் விவசாயிகள். அவர்களுக்கு வேண்டியதை யார் செய்து கொடுக்கிறார்கள்? தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளை வாங்கி விற்றுப் பார்த்தார்கள். பிறகு மாட்டுக்குத் தட்டை நறுக்கும் எந்திரத்தைத் தாங்களே செய்தார்கள். அடுத்து வந்ததுதான் இரும்புக் கலப்பை.

நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிவிட்டுப் போகும், புரட்டாது. தக்காணத்துக் கரிசல் மண்ணில் ஆழமாக வேரோடிய களையை அதனால் அழிக்க முடியாது. வளைந்த இரும்புத் தகடு பொருத்திய கலப்பையானால் அடி மண்ணை வெட்டித் தூக்கி, அப்படியே கவிழ்த்துப் போடும். களை மண்ணுக்குள் புதைந்து எருவாகும். இத்தகைய கலப்பைகள் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்தன. அதை இங்கேயே வார்த்து, நம் மாடுகளுக்கும் நம் மண்ணுக்கும் ஏற்றபடி செய்ய முடியும் என்று லக்ஷ்மணராவ் கண்டார்.

செய்துவிட்டார், வாங்க ஆளில்லை. இரும்பு பட்டால் பூமியில் விஷம் ஏறிவிடும் என்று விவசாயிகள் நம்பினார்கள். முதல் கலப்பை விலைபோக இரண்டு வருஷம் பிடித்தது. வீட்டில் குடும்பத்தை வைத்துக்கொண்டு, கடனையும் வைத்துக்கொண்டு, செய்த சரக்கு கண்ணெதிரே துருப்பிடிப்பதை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்! மாதச் சம்பளம் வாங்கியே பழகிய என் போன்றவர்களால் அதைக் கற்பனை செய்வதுகூடக் கடினம். அவர் விவசாயிகளைக் குறைகூறவில்லை. வயலில் இறங்கி உழுது காட்டுவதைத் தவிர வேறு விளம்பரம் இல்லை என்று புரிந்துகொண்டார். உழுத வயலில் விளைச்சலைப் பார்த்த பின் ஒருவர் வாங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள்.

கள்ளிக்காட்டில் ஓர் ஊர்

தொழில் சற்று நிமிரும்போது அடுத்த சோதனை வந்தது. பட்டறை இருந்த இடத்தில் புதிய குடியிருப்பு அமைக்கப்போவதாகச் சொல்லி, பெல்காம் நகராட்சி இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. கையில் முதல் இல்லை, போக இடமில்லை.

அச்சமயம் ஔந்த் என்ற சிறிய சமஸ்தானத்தின் ராஜா பாலாசாகேப் பந்த் பிரதிநிதி கைகொடுத்தார். நம் வாசகர்களுக்கு இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவரும் பிராமணர், சித்திரம் வரைவதில் வல்லவர், சூரிய நமஸ்காரத்தை ஒரு தேகப் பயிற்சியாக உலகமெங்கும் பரப்பப் புத்தகம் எழுதியவர். அவருக்கு லக்ஷ்மணராவிடம் நம்பிக்கை இருந்தது. தம் ராஜ்யத்தில், குண்டல் ரோடு ரயில் நிலையத்தை அடுத்து 32 ஏக்கர் நிலமும் வட்டியில்லாக் கடனும் கொடுத்தார்.

32 ஏக்கர் என்றதும் செழிப்பான பூமி என்று நினைக்க வேண்டாம். சப்பாத்திக் கள்ளி மண்டிய வறண்ட நிலம். பாம்புகள் குடியிருந்த இடம். 1910-ல் சுமார் 25 தொழிலாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு லக்ஷ்மணராவ் அங்கே போய் இறங்கினார். கள்ளியை வெட்டி, பாம்பை விரட்டி, பட்டறையையும் வீடுகளையும் கூடவே எழுப்பினார்கள். அந்த ஊர் கிர்லோஸ்கர்வாடி ஆயிற்று. பிற்பாடு ரயில் நிலையத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்று மகாராஷ்டிரத்தில் சாங்லி ஜில்லாவில் இருக்கிறது. திட்டம் போட்டுக் கட்டிய தொழில் நகரங்களில் நம் நாட்டில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேதாந்தியின் புத்திரர் ஸ்தாபித்த அந்த ஊரில் தீண்டாமை கூடாது என்பது விதி. 1910-களில், அதுவும் ஒரு வைதீகக் குடும்பத்தில் பிறந்தவர் இப்படிச் செய்வது எளிதல்ல. உலைக்களத்தில் வேலை செய்யும் கைகளில் எந்தக் கை உயர்ந்தது, எந்தக் கை தாழ்ந்தது என்று பார்ப்பதில் அவருக்கு அர்த்தம் தெரியவில்லை. சிறைக்குப் போய் மீண்டவர்களை இரவுக் காவலுக்கு வைத்தார். ஊர் பயந்தது. ஆனால் நம்பப்பட்ட மனிதன் நம்பிக்கையைக் காப்பாற்றுவான் என்று அவர் எண்ணினார். அது வீண்போகவில்லை. அவரிடம் பொறுப்பான வேலைகளைப் பார்த்தவர்களில் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள் இருந்தார்கள். சர்ட்டிபிகேட்டைப் பார்த்து ஆளை அளக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. தம்மையே ஒருமுறை தோலின் நிறம் பார்த்து அளந்தவர்களை அவர் மறந்திருக்க மாட்டார்.

கலப்பையிலிருந்து எஞ்சினுக்கு

முதல் உலக யுத்தம் வந்தபோது சீமைக் கலப்பைகளின் வரத்து குறைந்தது. கிர்லோஸ்கர் கலப்பைக்கு மவுசு ஏறியது. கூடவே இரும்புக்கும் நிலக்கரிக்கும் தட்டுப்பாடு. கிடைத்ததைக் கொண்டு சமாளித்தார். கலப்பையோடு கரும்பு பிழியும் ஆலை போன்ற எந்திரங்களும் வெளிவந்தன. 1920-ல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட் என்று கம்பெனியாகப் பதிவாயிற்று. அதே ஆண்டில் அவருடைய சகோதரர் மகன் சங்கரராவ் தொடங்கிய பத்திரிகை, பின்னாளில் மராட்டிய வாசகர்களிடையே பெரும் பெயர் பெற்றது.

தாம் பெறாத கல்வி மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று எண்ணினார். மகன் சாந்தனுராவை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு அனுப்பினார். உடன் சென்ற சகோதரர் மகன் மாதவ் அங்கேயே நோயுற்றுக் காலமானது குடும்பத்துக்குப் பெரும் துக்கம். சாந்தனுராவ் 1926-ல் பட்டத்தோடு திரும்பினார். அதே ஆண்டில் கிர்லோஸ்கர்வாடியில் மையவிலக்குப் பம்பு தயாராயிற்று.

எங்கள் அதியன்னூர் வயலில் நான் குடத்தால் தண்ணீர் ஊற்றிய பம்பு இந்த வகைதான். உறைக்குள் ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கம் வீசுகிறது. நடுவில் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள காற்றின் அழுத்தம் கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளுகிறது. உள்ளே காற்று மட்டும் இருந்தால் சக்கரம் சும்மா சுற்றுமே தவிரத் தண்ணீர் ஏறாது. அதனால்தான் முதலில் நாம் ஊற்ற வேண்டும். கணக்குப்படி இப்படிச் சுமார் 10 மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது. நடைமுறையில் 7, 8 மீட்டர்தான். ஆழக் கிணறுகளில் பம்பையே படிக்கட்டு வழியாகக் கீழே இறக்கி வைத்திருந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். மாடு கட்டி இறைத்த கவலையின் இடத்தில் இந்தச் சிறு எந்திரம் வந்தபோது இந்திய விவசாயம் எவ்வளவு மாறியது என்பதைத் தனியே எழுத வேண்டும்.

1941-ல் மைசூர் சமஸ்தானத்தில் ஹரிஹரில் கடைசல் எந்திரம் செய்யும் ஆலை, 1946-ல் பெங்களூரில் மின்மோட்டார் ஆலை, அதே ஆண்டு புனாவில் ஆயில் எஞ்சின் ஆலை என்று சாந்தனுராவின் காலத்தில் தொழில் விரிந்தது. தகப்பனார் பார்த்து மகிழ்ந்தார்.

அதற்குப் பின் ஒரு சோதனை வந்தது. 1948 ஜனவரி 30-ல் காந்தியடிகள் கொலையுண்டார். கொன்றவன் மராட்டிய பிராமணன் என்று தெரிந்ததும், அந்தப் பகுதியில் பிராமணர் வீடுகளும் கடைகளும் ஆலைகளும் தாக்கப்பட்டன. கிர்லோஸ்கர்வாடி ஆலைக்கும் தீ வைத்தார்கள். சாதி பாராமல் எல்லோருக்கும் வேலை கொடுத்தவரின் ஆலை, சாதியின் பெயரால் எரிந்தது. அப்போது லக்ஷ்மணராவுக்கு 78 வயது. நம்மில் பலர் இத்தகைய அநியாயத்தைக் கேட்டால் அங்கேயே நின்றுவிடுவோம்; அதையே பேசிக்கொண்டிருப்போம். கிர்லோஸ்கர் குடும்பத்தார் சாம்பலைக் கூட்டிவிட்டு ஆலையை மறுபடி ஓட்டினார்கள். அவர்களைக் குறித்து என் மதிப்பு உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

லக்ஷ்மணராவ் 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, தமது 87-ஆவது வயதில் காலமானார். அவர் சைக்கிள் விற்ற நாளில் ஒவ்வொரு வண்டியும் கப்பலில் வர வேண்டியிருந்தது. அவர் கண்மூடும் முன் இந்தியாவிலேயே சைக்கிள்கள் தயாராயின. நம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1951-ல் ஹெர்குலிஸ் சைக்கிள் தயாரிப்பு தொடங்கியது. அவர் மறைந்த அதே 1956-ல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள் கம்பெனி தொடங்கியது. அவர் ஒரு சைக்கிளும் தயாரித்தவர் அல்லர். ஆனால் எந்திரத்தை வாங்கி விற்பவன் அதைச் செய்யவும் செய்யலாம் என்று வழிகாட்டிய முன்னோர்களில் அவர் ஒருவர்.

நமக்கு என்ன?

உத்தியோகம் புருஷ லக்ஷணம் என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். பையனுக்கு வேலை கிடைத்துவிட்டதா, கவர்ன்மெண்டா, பாங்கா, இப்போது என்றால் கம்ப்யூட்டர் கம்பெனியா என்று கேட்பதற்கு அதை ஆதாரமாக வைத்துக்கொண்டோம். ஸமஸ்கிருதத்தில் உத்யோகம் என்ற சொல்லுக்கு அந்தப் பொருளே இல்லை. முயற்சி என்பதுதான் பொருள். மகாபாரதத்தில் உத்யோக பர்வம் என்று ஒரு பர்வம் இருக்கிறது. அதில் யாரும் குமாஸ்தா வேலைக்கு மனுப் போடவில்லை. மராட்டியிலும் ஹிந்தியிலும் உத்யோக் என்றால் இன்றைக்கும் தொழில், தொழிற்சாலை என்றே அர்த்தம். நாம் மட்டும் அந்தச் சொல்லை மாதச் சம்பளம் என்று சுருக்கிவிட்டோம். லக்ஷ்மணராவ் ராஜினாமா செய்தபோது உத்தியோகத்தை விட்டார் என்பது நம் பேச்சு வழக்கு. அவர் அன்றுதான் உத்யோகத்தில் இறங்கினார் என்பதே சரி.

நம்மிலும் இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் இருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு 1911-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியதை அறியாதவர் யார்? ஆனாலும் அவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாமே, நம் வீட்டில் ஒரு பையன் அப்படிக் கிளம்பினால் என்ன செய்கிறோம்?

நான் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். சுமார் 20 வருஷங்களுக்கு முன், பொறியியல் படித்து முடித்த என் மகன், சிநேகிதன் ஒருவனோடு சேர்ந்து பம்பும் மோட்டாரும் பழுது பார்க்கும் பட்டறை வைக்க விரும்பினான். இடம் பார்த்துவிட்டு வந்தான். கையில் கிரீஸோடு நிற்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று நான் கேட்டேன். என் மனைவி குறுக்கே பேசவில்லை. ஆனால் அவளுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை என்று தெரியும். பையன் அதற்கு மேல் வாதாடவில்லை. வேலைக்குப் போனான். இன்று பெங்களூரில் நன்றாகவே இருக்கிறான். என்மேல் அவனுக்கு வருத்தம் இருப்பதாக ஒருநாளும் காட்டியதில்லை. அந்தப் பட்டறை நடந்திருக்குமா, நஷ்டத்தில் மூடியிருப்பார்களா, யாருக்குத் தெரியும்? பட்டறை வைப்பவரெல்லாம் கிர்லோஸ்கர் ஆவதில்லை. ஆனால் என் கேள்வி தவறான கேள்வி. வேதாந்தியின் பிள்ளை கையில் கிரீஸோடு நின்றதால்தான் எங்கள் ஊர் வயலுக்குத் தண்ணீர் வந்தது.

ஆகவே உறுப்பினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். எல்லாப் பிள்ளைகளையும் தொழில் தொடங்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மனமும் பொறுமையும் வேண்டும். முதல் கலப்பை விற்க இரண்டு வருஷம் ஆகும். ஆனால் உங்கள் பிள்ளையோ பெண்ணோ ஒரு திட்டத்தோடு வந்து நின்றால், மறுக்கும் முன் முழுவதும் கேளுங்கள். கணக்கைப் பாருங்கள், இடத்தைப் போய்ப் பாருங்கள். நம் சங்கக் கிளைகளில் ஓய்வுபெற்ற ஆடிட்டர்கள், இஞ்ஜினீயர்கள், பாங்கு மேனேஜர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாதம் ஒரு சாயங்காலம் அவர்கள் உட்கார்ந்து, தொழில் தொடங்க விரும்பும் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லலாம். லக்ஷ்மணராவுக்கு ஒரு தமையனாரும் ஒரு ராஜாவும் கிடைத்தார்கள். ராஜாவாக இருக்க நம்மால் முடியாது, தமையனாராக இருக்கலாம்.

சுபம்.